சிக்னலைத் தாண்டி ஒரு நிறுத்தம்

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

நேற்று நகரசபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த ரோட்டக் கெடுக்க வந்த அதிகாரி வேற யாரும் இல்ல, என் கூடப் பொறந்தவதான்" என்று சொன்னீர்களே, அப்போது கூட்டம் கைதட்டியது. நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் உங்களைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கடைசியில் "இனிமே எனக்கு போன் பண்ணாத" என்று ஒரு வரி அனுப்பினீர்கள். சரி, போன்தானே கூடாது. கடிதம் எழுதலாம் அல்லவா?

நேரிலேயே வரலாம் என்றால், ஊரின் ஒரு கோடியில் நீங்கள், மறு கோடியில் நான். வேலை முடிந்து கிளம்பினால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து உங்கள் வாசலுக்கு வருவதற்குள் நீங்களும் அண்ணியும் விளக்கை அணைத்திருப்பீர்கள். ஒரே ஊரில் இருக்கும் அண்ணனைப் பார்க்க லீவு போட வேண்டியிருக்கிறது. என் வேலையே இதைச் சரிசெய்வதுதான் என்று நீங்கள் ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா?

கூட்டத்தில் என்னைச் சொல்ல விடவில்லை. இங்கே சொல்கிறேன். உங்கள் கடை இருக்கும் பெரிய சாலையில் காலையில் போகும் கார்களைப் பாருங்கள். காருக்கு ஒருவர். அந்தக் கார்களுக்கு நடுவே ஒரு பஸ், அதற்குள் நிற்க இடமில்லாமல் ஜனங்கள். அந்த பஸ்ஸும் கார்களோடு சேர்ந்து நகர வேண்டும். எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்கு யார் காத்திருப்பார்கள்? வேறு வழியே இல்லாதவர்கள்தான். மற்றவர்கள் கடன் வாங்கியாவது ஒரு கார் வாங்கிவிடுகிறார்கள். நெரிசல் இன்னும் கூடுகிறது. அதனால் ஓரத்து வரிசைக்குச் சிவப்புச் சாயம் அடித்து, பஸ் மட்டும் போக விடுகிறோம். ஆறு மாதச் சோதனை. பிறகு நகரசபை முடிவு செய்யும். இது தோற்றால் இந்த ஊரில் பஸ் என்ற பேச்சையே இனி யாரும் எடுக்க மாட்டார்கள். அதுதான் என் பயம்.

உங்கள் கடை முன்னால் வாடிக்கையாளர்கள் கார் விடுகிற அந்த ஒதுக்கிடத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. பஸ் நிறுத்தம் சிக்னலுக்கு முன்னாலேயே, மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க் சுவரை ஒட்டி வருகிறது. கோபப்படுவதற்கு முன் அதையாவது கவனியுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


பிப்ரவரி 19

வாலுக்கு,

கடிதம் வந்தது. என்ன திடீரென்று "சொன்னீர்களே", "பாருங்கள்"? பேச ஆரம்பித்த நாளிலிருந்து உனக்கு நான் நீ, வா, போதான். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும். இனி எழுதுவதானால் ஒழுங்காக எழுது.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அண்ணிதான் பேப்பரையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் கை வலிக்கும், அதனால் குறைவாகத் திட்டுவேன். உனக்கு லாபம்.

உன் சிவப்புச் சாயம் அழகாக இருக்கிறது. சந்தோஷமா? கடைக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறேன். பார்க்க வேறென்ன இருக்கிறது? வியாபாரமா? என் வாசலில் கார் விட வேண்டுமென்றால் அந்தச் சிவப்பைக் கடந்துதான் உள்ளே திரும்ப வேண்டும். அபராதம் போட்டுவிடுவார்களோ என்று பயந்து நேராகப் போய்விடுகிறார்கள். நேற்று ஒரு புதுத் தம்பதி கண்ணாடிக்குள் இருக்கும் கட்டிலைப் பார்த்துக் கையை நீட்டியது எனக்கே தெரிந்தது. காரின் வேகத்தைக் குறைத்தார்கள். சிவப்பைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். அந்தக் கட்டில் இன்னும் அப்படியே நிற்கிறது.

நான் விற்பது சோபா, கட்டில், பீரோ. இதை எவன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவான்? இதற்கு நீ பதில் சொல், நான் கடைக்காரர்கள் சங்கத் தலைவர் பதவியை விட்டு இறங்குகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். உன் பஸ்ஸும் வேகமாகப் போகவில்லை. சிக்னலுக்கு முன்னால் அந்த பங்க் சுவர் ஓரம் வந்து நிற்கும். ஆளை ஏற்றும். அதற்குள் பச்சை போய்விடும். நிற்கும். பின்னால் இன்னொன்று வந்து அதன் முதுகில் ஒட்டும். பக்கத்து வரிசையில் கார்களும் நிற்கும். எல்லோரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதற்காகவா சாயம் அடித்தாய்? எங்கள் சங்கத்தில் இதற்கு "சிவப்புப் பார்க்கிங்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயின்ட் கடைக்காரர்தான் வைத்தார். அவர் கடையில் வாங்காத பெயின்ட் என்ற வருத்தமும் அவருக்கு உண்டு.

நீ நன்றாகப் படித்தவள். உனக்கு இது தெரியாமல் போயிருக்காது. அப்புறம் ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தாய் என்பதுதான் புரியவில்லை.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

நீ என்று எழுதிவிட்டேன், திருப்தியா?

கட்டில் விற்றுவிட்டதா? அந்தத் தம்பதியை நினைத்துக்கொண்டே இருந்தேன். நீ கேலியாக எழுதினாலும் உன் வருத்தம் எனக்குத் தெரியாதா?

சோபா கேள்விக்கு முதலில் பதில். பஸ்ஸில் யாரும் சோபா தூக்கிப் போக மாட்டார்கள். காரிலும் யாரும் தூக்கிப் போனதில்லை. உன் வேன்தான் கொண்டுபோய் இறக்குகிறது. நீ தலைவர் பதவியிலிருந்து இறங்க வேண்டாம், அடுத்து வருபவர் பெயின்ட் கடைக்காரராக இருந்தால் என் பாடு இன்னும் மோசம்.

இரண்டாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை.

போன வாரம் முழுக்க உன் சாலையில் பஸ்ஸில்தான் போய் வந்தேன். ஓட்டுநர் ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். "மேடம், ஆளை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள சிவப்பு விழுந்துடுது. அடுத்த பச்சைக்குள்ள பின்னாடி ரெண்டு பஸ் வந்து சேர்ந்துக்குது. மூணும் ஒண்ணாப் போகும். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுமே வராது. ஜனங்க எங்களத்தான் திட்டுறாங்க" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. சலித்துப்போன குரல்.

நிறுத்தம் சிக்னலைத் தாண்டி இருக்க வேண்டும் அண்ணா. பச்சையில் கடந்துவிட்டு, அப்புறம் நின்று ஆளை ஏற்ற வேண்டும். இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சிக்னலைத் தாண்டினால் பஸ் ஒதுங்கி நிற்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான். உன் கடை வாசல்.

வரைபடம் போட்டபோது பென்சில் அந்த இடத்துக்கு வந்தது. வந்து நின்றது. அப்புறம் பங்க் சுவருக்குப் போய்விட்டது. வேறு ஒரு காரணம் எழுதி வைத்தேன். நடைபாதை அங்கே அகலம் என்று.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், மேலதிகாரியிடம் போய் அந்தக் கடை என் அண்ணனுடையது என்று சொல்லிவிட்டேன். இந்தச் சந்திப்பை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. வரைபடத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் பென்சில் நின்ற அதே இடத்தில் விரலை வைத்தார்.

அந்த ஒதுக்கிடத்தில் பாதி சாலைக்குச் சொந்தம், பாதி கடைக்குச் சொந்தம். அதனால் நோட்டீஸ் வரும், விசாரணை நடக்கும். ஆட்சேபம் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. நிறுத்தம் இடம் மாறாவிட்டால் சோதனை தோற்கும். இடம் மாறினால் உன் வாசல் போகும். இதை ஒரு அரசாங்கக் கவரைப் பிரித்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால்தான் முதலில் நானே எழுதுகிறேன்.

வாலு


மார்ச் 9

நோட்டீஸ் வந்துவிட்டது.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். வேலையாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

எங்கள் சாலையில் எத்தனை கடை இருக்கிறது? உன் பஸ்ஸுக்கு என் வாசல்தான் கிடைத்ததா? முதலில் அண்ணன் கடை என்று விட்டுவைத்தாயாம், இப்போது அண்ணன் கடை என்று பார்க்காமல் எடுக்கிறாயாம். எது நியாயம் என்று நீயே ஒரு முடிவுக்கு வா.

விசாரணை இருபத்தேழாம் தேதி. சங்கம் முழுக்க வருகிறது. நோட்டீஸ் உன் அண்ணி பெயருக்குத்தான் வந்திருக்கிறது, ஏனென்றால் இடம் அவள் அப்பா விட்டுப்போனது, பத்திரம் அவள் பெயரில். அது ஒரு பொருட்டில்லை. ஆட்சேப மனுவில் அவள் கையெழுத்துப் போடுவாள், நான் பேசுவேன். எப்போதும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். வீட்டு பால்கனிக் கொடியில் ஈரத் துண்டு ஒன்று தொங்குகிறது. குளிக்கிற துண்டு இல்லை. புதிது. "இது என்ன?" என்று கேட்டேன். "நீச்சல்" என்றாள். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். "நீச்சல் கத்துக்கறேன். வாரத்துல மூணு நாள். நகராட்சிக் குளத்துல" என்றாள். எப்படிப் போகிறாய் என்றேன். பஸ்ஸில் என்றாள். வாசலில் இரண்டு கார் நிற்கிறது! ஐம்பது வயதில் ஒருத்தி வீட்டுக்காரனிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்த் தண்ணீரில் குதிக்கிறாள் என்றால், இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கடைக்காரன்


மார்ச் 14

அண்ணா,

கடைக்காரன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போடு. எனக்கு நீ அண்ணன்தான், அதை மாற்ற எந்த மனுவிலும் இடமில்லை.

நீ கேட்டது நியாயமான கேள்வி. முதலில் விட்டுவைத்ததும் சரியில்லை, இப்போது எடுப்பதும் வலிக்கிறது. ஒரு ஊருக்காக வரைகிற கோட்டை உனக்காக வளைத்தேன். அந்த வளைவில் தினமும் ஆயிரம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விசாரணையில் நான் பேசப் போவதில்லை, பேசவும் கூடாது. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

துண்டு விஷயத்தில் என் பின்னால் வராதே. பார்க்கும்வரை எனக்கும் தெரியாது. பத்து நாளைக்கு முன் ஒரு காலையில் பஸ்ஸில் அண்ணியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கையில் ஒரு துணிப்பை. உட்கார இடம் இருக்கிறது, ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறார்.

"உக்காருங்க அண்ணி" என்றேன்.

"இல்லம்மா. நின்னா எல்லாம் தெரியுது" என்றார்.

சொன்னபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பூட்டுக்கடையைக் காட்டி, "இது எப்ப வந்தது?" என்றார். அது பல வருடமாக அங்கேதான் இருக்கிறது. காரில் போகும்போது கண்ணில் படவில்லை போல. குளம் வரும் நிறுத்தத்தில் மணியை அழுத்திவிட்டு, அது வேலை செய்ததா என்று என்னைப் பார்த்தார். விளக்கு எரிந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் சில விஷயம் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். அதனால் சொல்லவில்லை. நீயே கேட்டுக்கொள்ளலாமே, ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

வாலு


மார்ச் 30

வாலுக்கு,

பின்வரிசையில் உட்கார்ந்து நீ எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனால் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சங்கத்தில் சொல்ல முடியாது. அதனால் உனக்கு.

அன்று காலை கிளம்பும்போது உன் அண்ணியைக் காணோம். கையெழுத்துப் போட்ட மனு மேசையில் இருக்கும் என்று பார்த்தேன். மனு இருந்தது, கையெழுத்து இல்லை. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பெயின்ட் கடைக்காரரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர் வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

மேம்பாலத்தில் ஏறினோம். ஏறியதோடு சரி. முன்னால் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது என்றார்கள். பின்னால் போக முடியாது, இறங்கவும் முடியாது. விசாரணை ஆரம்பிக்கும் நேரம் ஆனது. பெயின்ட் கடைக்காரர் ஒத்திகையை நிறுத்திவிட்டு வேறு அவஸ்தையில் நெளிய ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு, பாவம். "தலைவரே, எங்கயாவது நிறுத்துங்க" என்றார். "நின்னுக்கிட்டுத்தானய்யா இருக்கோம்!" என்று கத்தினேன். அப்போது பாலத்துக்குக் கீழே பார்த்தேன். உன் சிவப்புக் கோட்டில் ஒரு பஸ் யாருக்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடவுளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை போல.

ஒருவழியாக வந்து சேர்ந்து, படியேறி, வராந்தாவில் ஓடி வருகிறேன். உள்ளே மைக்கில் ஒரு குரல் கேட்கிறது. தெரிந்த குரல். ஆனால் மைக்கில் கேட்டதே இல்லை, அதனால் யாரென்று பிடிபடவில்லை. கதவைத் திறந்தால், முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். தலைமுடி ஈரம். நீச்சலை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

அவள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "கடை என் பேர்ல இருக்கு. நோட்டீஸும் என் பேருக்குத்தான் வந்தது. அதான் வந்தேன். எனக்குக் கார் ஓட்ட வராது. இந்த ஊர்ல கார் ஓட்ட வராதவங்க எங்க போகணும்னாலும் ஒருத்தர் மூஞ்சியப் பாத்து நிக்கணும். எங்க வீட்டுக்காரர் நல்லவர். கேட்டா கூட்டிட்டுப் போவார். ஆனா கேக்கணும்ல? கேக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? சும்மா போகணும்னு தோணுச்சு, அதுக்கு ஒருத்தர் வேலைய விட்டுட்டு வண்டி எடுக்கணுமா? அதனாலயே நான் எத்தனையோ இடத்துக்குப் போகாம இருந்துட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நிறுத்தம் என் கடை வாசல்ல வரட்டும். ஆனா ஒரு கம்பத்த மட்டும் நட்டுட்டுப் போயிடாதீங்க. மேல கூரை வேணும். வெளிச்சம் வேணும். உக்கார நல்ல பெஞ்சு வேணும். சோபா கடை வாசல்ல ஜனங்க கால் வலிக்க நின்னா எங்களுக்குத்தான் அசிங்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவள் கதவுப் பக்கம் திரும்பினாள், நான் நிற்பதைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று பார்த்தாள்.

தலைமை தாங்கிய அம்மா, "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார். பெயின்ட் கடைக்காரர் என் முதுகில் குத்தினார். கையைத் தூக்கினேன். மைக்குக்குப் போகும்வரை ஆட்சேபம் சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்தேன், சத்தியமாக. வாயைத் திறந்தால் வேறு வந்தது. "சாமான் ஏத்தி இறக்க எங்க வேன் நிக்கணும். கடைக்குப் பின்னாடி சந்துல வாசல் வெக்க அனுமதி வேணும். அதக் குடுத்துட்டீங்கன்னா போதும்." இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் கடைக்காரர் அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை.

வெளியே வந்து, "வா, கார்ல போலாம்" என்றேன். "நீங்க வாங்க. நான் பஸ்லயே போறேன்" என்றாள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சாப்பிட்டு முடித்து, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கடையையும் திறந்திருந்தாள்.

எனக்கு அவமானம் என்று சொல்ல முடியவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து, போக ஆசைப்பட்ட இடங்கள் அவளுக்கு இருந்தன என்பதே எனக்குத் தெரியவில்லையே என்று ஏதோ ஒன்று குடைகிறது.

ஒன்று மட்டும் சொல். நீ சொல்லிக்கொடுத்தாயா?

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

இல்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. பெஞ்சு, கூரை எல்லாம் அவர் யோசனை. அவர் எழுந்து போனபோது, எதிர்த்துப் பேசப்போகிறாரோ என்றுதான் நினைத்தேன்.

அன்று பஸ்ஸில் அவர் சொன்னதை இப்போது சொல்லலாம் என்று அனுமதி வாங்கிவிட்டேன். போன் செய்து கேட்டேன். "சொல்லும்மா, இனிமே என்ன" என்றார்.

கல்யாணமான புதிதில் நீ அண்ணிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாயே. வாகன நிறுத்தத்தில் ஒரு தூணில் மோதினார். சின்ன நசுங்கல். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதையை நீ சொல்வாய். தூண் நடுவில் வந்து நின்றதாம், அண்ணி அதற்கு ஹார்ன் அடித்தாராம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், இன்னொரு தடவை சொல் என்று கேட்டுமிருக்கிறேன். அண்ணியும் கூடவே சிரிப்பார். அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "அந்தக் கதையக் கேட்டுக் கேட்டு, எனக்கு வண்டி வராதுன்னு நானே நம்பிட்டேன்மா" என்றார். திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சொன்னார்.

இதை வைத்து உன்னைக் குத்த எழுதவில்லை. நீ அவரோடு பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இனி என் பக்கத்துச் செய்தி. உத்தரவு வந்துவிட்டது. நிறுத்தம் உன் வாசலுக்கு வருகிறது. கூரை, விளக்கு, பெஞ்சு எல்லாம் உண்டு. பின் சந்தில் வாசலுக்கும் அனுமதி. வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்கும். தூசி பறக்கும், கண்ணாடிக்குத் துணி போட்டுக்கொள்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதே. அடுத்துத் திட்டமிட்டிருக்கும் வடக்குச் சாலையில் எங்கள் அறிவிப்புப் பலகைகளை யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு கவுன்சிலர் என்னை "சாயக்காரி" என்று கூப்பிடுகிறார். சோதனை முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன, எந்தப் பக்கமும் சாயலாம். ஆனால் நேற்று அந்த ஓட்டுநர் அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "மேடம், மாத்துறாங்களாமே?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

வாலு


ஆகஸ்ட் 21

வாலுக்கு,

நிறைய நாளாகிவிட்டது. எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. கடையில் வேலை.

முதல் இரண்டு மாதம் மோசம்தான். மறைக்கவில்லை. கார் விட்டு வருகிறவர்கள் பின் சந்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து என்னைத்தான் திட்டினார்கள். அப்புறம் சந்து முனையில் பெரிய அம்புக்குறி போட்ட பலகை வைத்தேன், பெயின்ட் கடைக்காரரே எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கோபத்தைவிட வியாபாரம் பெரிது. இப்போது பரவாயில்லை. பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை, வந்துவிடும் போலிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணாடிக்குள் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உள்ளே வருகிறார்கள். காரில் போகிறவனுக்கு ஏது அந்த நேரம்? கடைக்கு ஆளும் கிடைக்கிறது. முன்பெல்லாம் வேலைக்கு வருகிறேன் என்பவர்கள், கார் இல்லாமல் எப்படி வருவது என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது கணக்குப் பார்க்க ஒரு பெண் வந்திருக்கிறாள். ஊரின் தென்கோடியிலிருந்து வருகிறாள். எனக்கு முன்னால் வந்துவிடுகிறாள்.

உன் அண்ணியோடு பேசினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அந்தத் தூண் கதைய இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "சொல்லுங்க. ஆனா அன்னைக்கு நீங்க பக்கத்துல உக்காந்து கத்துன கத்தலையும் சேத்து சொல்லுங்க" என்றாள். உண்மைதான். நான் கத்தியதில்தான் மோதினாள். கதையில் அந்தப் பகுதியை எப்போதும் விட்டுவிடுவேன். இப்போது குளத்தின் ஆழமான பக்கத்துக்குப் போகிறாளாம். போன வாரம் நான் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு விட மறந்துவிட்டேன். கரை சேர்ந்ததும் அவள்தான் என்னை, "நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டாள்.

நேற்று நகரசபை முடிவைச் செய்தியில் பார்த்தேன். சிவப்புப் பாதை நிரந்தரம், அடுத்து வடக்குச் சாலையும் என்று சொன்னார்கள். உன்னைக் காட்டினார்கள். ஒல்லியாகிவிட்டாய். கடையில் எல்லோரிடமும், "கூடப் பொறந்தவ" என்று சொன்னேன். அந்த வார்த்தையை ஒரு முறை மைக்கில் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்.

இன்று காலை மரக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. காரைச் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். இன்னொன்று இருக்கிறது, ஆனாலும் கடை வாசலில் பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன். ஏறிப் பணத்தை நீட்டினேன். ஓட்டுகிற அம்மா, "சார், இங்க குடுக்கக் கூடாது, அந்த மெஷின்ல" என்றார். மெஷினில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என் கையைப் பிடித்துக் காட்டியது. கடைக்காரர்கள் சங்கத் தலைவர்! யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருக்கும் என்னைப் பற்றி அக்கறையில்லை. அதுவே ஒரு மாதிரி நன்றாக இருந்தது.

உட்கார்ந்தேன். ஸ்டீரிங் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. கொஞ்ச நேரம் முன்னால் போகிற வண்டியையெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் திட்டவில்லை. ஜன்னலில் காற்று வந்தது. நான் தூங்கிவிட்டேன் வாலு! வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சாலையில் நான் கண்ணை மூடியதே இல்லை. குழந்தை மாதிரித் தூங்கியிருக்கிறேன். மரக்கடை நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.

"சார், கடைசி ஸ்டாப். எழுந்திரிங்க" என்று அந்த அம்மா தோளைத் தட்டினார். இறங்கிப் பார்த்தால் உன் தெருமுனை.

திரும்பிப் போயிருக்கலாம். எதிரிலேயே பஸ் நின்றது. போகத் தோன்றவில்லை. உன் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவங்க அண்ணனா? மூக்கு அப்படியே இருக்கு" என்றார். ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார், இந்தக் காகிதமும் அவருடையதுதான். நீ வர நேரமாகும் என்கிறார். ஆகட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கடையை உன் அண்ணி பார்த்துக்கொள்வாள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ படியேறி வந்ததும் கையிலேயே கொடுத்துவிடுவேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. முடித்துவிட்டு நிமிர்ந்து பார். எதிரில்தான் இருப்பேன்.

அண்ணன்